பாலத்திலிருந்து எடுத்த தண்ணீர்

பை, சட்டை, கைக்கடிகாரம், கண்ணாடி, போன், ஒவ்வொன்றாக என் மடியில் வைத்துவிட்டு, "இங்கயே உக்காரு அரசி, எண்ணெய் வச்சிக்கிட்டு ஒரு முழுக்குப் போட்டுட்டு வந்துடறேன்" என்று சொல்லி என் வீட்டுக்காரர் படி இறங்கிப் போகிறார். வலது காலை வைக்கிறார், இடது காலைப் பக்கத்தில் கொண்டுவந்து சேர்க்கிறார், மறுபடியும் வலது கால். இடது காலில் இரண்டு விரல் போன பிறகு அவராகக் கற்றுக்கொண்ட இறக்கம் இது. கையைப் பிடித்துக் கொண்டுபோய் விடட்டுமா என்று கேட்டால் கோபம் வரும். ஆடிப்பெருக்கும் அதுவுமாகப் பாதி ஊர் மடத்துத்துறையில் நிற்கிறது, அத்தனை பேர் பார்க்கப் பெண்டாட்டி கையைப் பிடித்துக்கொண்டு இறங்கணுமா என்பார். இருபத்தாறு படி. வழியில் தெரிந்தவர்கள் நிறுத்துவார்கள், இவரும் நிற்பார், பேச ஆள் கிடைத்துவிட்டால் குலசேகரனுக்குச் சோறு தண்ணி வேண்டாம். எண்ணெய் தேய்த்துவிடுகிறவர் தண்ணீருக்கு ஆறு படி மேலே உட்கார்ந்திருக்கிறார், அவர் முன்னால் நாலு பேர் காத்திருக்கிறார்கள். எப்படியும் கால் மணி நேரம் ஆகும். இரண்டு வருஷமாகச் சொல்லாததைச் சொல்லக் கால் மணி நேரம் தாராளம். எழுந்து போய்க் காதோடு சொன்னால் போதும். தண்ணி நல்லா இல்லைங்க, வாங்க வீட்டுக்குப் போகலாம். ஆறே ஆறு வார்த்தை. எழுந்திருக்க முடியவில்லை. மடியில் அவர் சாமான்கள் இருக்கின்றன, கண்ணாடி கீழே விழுந்தால் உடைந்துவிடும், அதனால்தான் எழுந்திருக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். நாற்பத்தெட்டு வயதில் இப்படி ஒரு சாக்கு.

இடது பக்கம் தலையைத் திருப்பக்கூடாது என்று வந்ததிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன், திரும்பிவிட்டது. அந்தப் போர்டு. அரசமரத்துக்குப் பக்கத்தில் இரண்டு சவுக்குக் கட்டை நட்டுக் கட்டியிருக்கிறார்கள். "இத்துறையின் நீர் பரிசோதிக்கப்பட்டது. நீராட ஏற்றது." அதற்குக் கீழே சின்ன எழுத்தில் "பரிசோதித்தவர்: கு. மங்கையர்க்கரசி", அதற்கும் கீழே என் கையெழுத்தை அப்படியே பெரிதாக்கி அச்சடித்திருக்கிறார்கள். என் கையெழுத்து இவ்வளவு கோணலா என்று போன வருஷம்தான் தெரிந்தது. வண்டியை நிறுத்தியதும் இவர் நேராக அங்கேதான் போனார். பக்கத்தில் நின்ற யாரோ ஒருவரிடம், "இது யாரு தெரியுமா, நம்ம வீட்டம்மாதான், தண்ணி லேப்ல இருக்காங்க. அவங்க கையெழுத்துப் போட்டா ஆத்துக்கே சர்டிபிகேட் குடுத்த மாதிரி" என்று சொன்னார். அந்த ஆள் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். வேறென்ன செய்வது. காலையில் வீட்டில் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கூட்டம் அதிகமாக இருக்கும் என்றேன், சர்க்கரை ஏறியிருக்கிறது என்றேன், காலை நனைக்கக்கூடாது என்று டாக்டர் சொன்னாரே என்றேன். "டாக்டர் சொன்னது பங்குனியில, இப்ப ஆறிடுச்சு" என்று காலைத் தூக்கிக் காட்டினார். ஆறவில்லை. தையல் போட்ட இடத்து ஓரத்தில் மிளகு அளவுக்கு ஒரு இடம் இன்னும் சிவப்பாகத்தான் இருக்கிறது. அவரால் குனிந்து அதைப் பார்க்க முடியாது, தொப்பை இடிக்கும், பார்க்கிறது நான்தான், தினமும் இரண்டு வேளை துடைத்து மருந்து போடுகிறது நான்தான். சரி, காரணம் எல்லாம் தீர்ந்துபோனதும் கடைசியாக அவர் சொன்னது, "நீ டெஸ்ட் பண்ண தண்ணிதானே, எனக்கென்ன பயம்." புளியோதரையை டப்பாவில் அடைத்து மூடினேன்.

நான் டெஸ்ட் பண்ணின தண்ணீர் இது இல்லை. இதை எப்படி விளக்குவது. அதோ மேற்கே தெரிகிற பாலம், அங்கிருந்து எடுத்த தண்ணீர் அது. எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்த ஞானசிகாமணி அண்ணன் வைத்துவிட்டுப் போன இடம். பாலம் வரைக்கும் ஜீப் போகும், துறைத் தெருவில் நுழையாது, அங்கே போக அரைக் கிலோமீட்டர் நடக்கணும், ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படி இறங்கணும், புடவை நனையும். பாலத்தில் நின்றால் அந்தத் தொல்லை இல்லை. பாட்டில் கழுத்தில் கயிறு, அடியில் ஈயக்குண்டு, கைப்பிடிச் சுவருக்கு வெளியே விட்டு மெதுவாக இறக்கினால் தண்ணீரைத் தொட்டு ஒரு முழுக்குப் போட்டு நிறைந்து வரும். மூடி போட்டு, சீட்டு ஒட்டி, ஐஸில் வைத்துவிட்டால் முடிந்தது, ஐந்து நிமிஷ வேலை. பதினொரு வருஷமாகச் செய்கிறேன். ஒரு காலத்தில் தப்பும் இல்லை, பாலத்துத் தண்ணீரும் துறைத் தண்ணீரும் ஒன்றாகத்தான் இருந்தது. பிறகு ஊர்ச் சாக்கடை வாய்க்காலைத் திருப்பி ஆற்றில் விட்டார்கள், பாலத்துக்குக் கீழே, துறைக்கு மேலே, சரியாக நடுவில். யார் திருப்பினார்கள் என்று ஒரு காகிதத்திலும் கிடையாது. நாணல் மறைத்துக்கொண்டிருக்கும், படியில் நின்றால் தெரியாது, நாற்றமும் இந்தப் பக்கம் வராது. தண்ணீர் பார்க்கத் தெளிவாகத்தான் இருக்கும். இப்போதுகூடத் தெளிவாகத்தான் இருக்கிறது, மூன்றாவது படி வரைக்கும் கல் தெரிகிறது, அந்தக் கல்மேல் யாரோ விட்ட மஞ்சள் கரைந்து போய்க்கொண்டிருக்கிறது. ஜனங்களுக்குக் கலங்கின தண்ணீரைப் பார்த்தால்தான் பயம். புது வெள்ளம் செம்மண்ணாக வந்தால் மூக்கைச் சுளிப்பார்கள், அதில் ஒன்றும் இருக்காது. நான் பதினொரு வருஷமாக லேபில் கண்ணாடிக் குழாயில் பார்ப்பது கண்ணுக்குத் தெரிகிற சமாச்சாரம் இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆனி மாதம் சும்மா ஒரு பாட்டில் எடுத்துக்கொண்டு துறையில் இறங்கினேன். ஏன் இறங்கினேன் என்று தெரியவில்லை. முழங்கால் தண்ணீரில் நின்று, பாட்டில் வாயை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்து, ஒரு சாண் ஆழத்தில் நிரப்பினேன். லேபில் ஊதா மருந்து இருக்கிற குழாய்களில் ஊற்றி, கிருமி இருந்தால் வளரட்டும் என்று சூட்டுப்பெட்டியில் வைத்துவிட்டு மறந்தே போனேன். இரண்டாம் நாள் திறந்தால் வரிசையாக அத்தனை குழாயும் ஊதா நிறம் போய் மஞ்சளாகி நிற்கிறது, ஒவ்வொன்றிலும் வாயுக் குமிழி. மனிதக் கழிவில் இருக்கிற கிருமி. நூறு மில்லியில் ஐந்நூறு இருந்தால் குளிக்கலாம், இரண்டாயிரத்து ஐந்நூறைத் தாண்டினால் குளிக்கவே கூடாது. அதில் முப்பத்தைந்தாயிரம். அதே நாள் பாலத்துத் தண்ணீரில் முந்நூற்று நாற்பது. கை ஏதாவது பட்டிருக்கும், பாட்டில் கிருமி சாகிற அளவுக்கு வேகவில்லை என்று நினைத்து மறுபடி எடுத்தேன், மறுபடியும் அதேதான். எங்கள் அலுவலர் சபாபதி சாரிடம் போய்ச் சொன்னேன். நல்ல மனுஷன், குரலை உயர்த்த மாட்டார். சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்தைக் காட்டினார், பத்து வருஷப் புள்ளிகளும் ஒரே கோட்டில் அழகாகப் போகின்றன. "எடுக்கிற இடத்தை மாத்தினா இந்த வரிசை அறுந்து போயிடும்மா. முன்ன இருந்ததையும் இப்ப இருக்கறதையும் எதை வச்சு ஒப்பிடறது?" என்றார். எனக்கு அது சரியாகத்தான் பட்டது. அதை நினைத்தால்தான் இப்போது உடம்பு கூசுகிறது. ஒப்பிட வேண்டுமென்றால் ஒரே இடத்தில்தானே எடுக்கணும், படிப்பில் அப்படித்தானே சொல்லிக்கொடுத்தார்கள். ஆள் குளிக்காத இடத்தில் எடுத்து, அதைப் போன வருஷம் ஆள் குளிக்காத இடத்தோடு ஒப்பிட்டு, ஆள் குளிக்கிற இடத்தில் போர்டு வைக்கிறோம் என்று அந்த அறையில் இருந்த இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. தோன்றியது. எனக்குத் தோன்றியது. "வேணும்னா இன்னொரு இடம் சேக்கணும்னு எழுதிக் குடும்மா, மேல அனுப்பறேன்" என்றும் அவர் சொன்னார். பழியை அவர்மேல் போட முடியாதபடி அதையும் சொல்லிவைத்தார். நான் எழுதவில்லை. இன்றைக்கு எழுதலாம், நாளைக்கு எழுதலாம் என்று இருந்தேன், ஆடி வந்தது, படிவம் வந்தது, பாலத்துத் தண்ணீருக்குக் கையெழுத்துப் போட்டேன். முந்நூற்றுச் சொச்சம், அது பொய் இல்லையே.

இவர் எங்கே, காணோம். இதோ இருக்கிறார், பத்தாவது படியில் மளிகைக்கடைக்காரரோடு நின்று கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருக்கிறார். பேசட்டும், இன்னும் பேசட்டும். போன வருஷமும் இதே மாதிரி நின்று பேசிவிட்டுத்தான் இறங்கினார். நான் அப்போது இங்கேதான் உட்கார்ந்திருந்தேன், மடியில் இதே கடிகாரம். குதிகாலில் சின்னதாக வெடிப்பு இருந்தது, எல்லோருக்கும் இருக்கிற வெடிப்பு, களிம்பு தடவினால் போகிற வெடிப்பு. ஒரு முழுக்கு என்று சொல்லிவிட்டு முக்கால் மணி நேரம் ஊறினார். எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். ஒரு நாள் குளித்தால் என்ன ஆகிவிடப் போகிறது, ஆயிரம் பேர் குளிக்கிறார்களே, அத்தனை பேருக்குமா ஏதாவது ஆகிறது என்று நினைத்தேன். ஐந்தாம் நாள் பாதம் வீங்கியது. ஒன்பதாம் நாள் காய்ச்சல். இருபதாம் நாள் ஆஸ்பத்திரியில் இரண்டு விரலை எடுத்தார்கள். டாக்டர், "சர்க்கரைம்மா, சர்க்கரை இருந்தா இப்படித்தான்" என்றார். நான் அந்த வார்த்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். சர்க்கரைதான். அவர் வாயைக் கட்ட மாட்டார், கல்யாண வீட்டில் இரண்டு தடவை பாயசம் வாங்குவார், பதினைந்து வருஷமாக இருக்கிற வியாதி, அதுதான் காரணம். தண்ணீர் இல்லை. தண்ணீராக இருந்தால் யார் நிரூபிக்க முடியும். யாராலும் முடியாது, எந்த லேபிலும் முடியாது, எனக்குத் தெரியாதா. ராத்திரி கட்டுப் பிரிக்கும்போது, வலியில் அவர் பல்லைக் கடிக்கும்போது, அந்த முப்பத்தைந்தாயிரம் என் கண்முன்னால் வந்து நிற்கும். சர்க்கரை, சர்க்கரை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே துடைப்பேன். "அரசி கை பட்டா எரியறதே இல்ல" என்று தன் அக்காவிடம் போனில் சொல்லுவார்.

இதுதான் முடிச்சு. இந்த வருஷத் தண்ணீர் கெட்டது என்று சொன்னால் அடுத்த கேள்வி போன வருஷத் தண்ணீர். வேறு எந்தக் கேள்விக்கும் எனக்குப் பயம் இல்லை. வேலை போனாலும் போகட்டும், விசாரணை வந்தால் வரட்டும், சபாபதி சார் வரைபடத்தைச் சுருட்டி வைத்துக்கொள்ளட்டும். இவர் என்னைப் பார்த்து அந்த ஒரு கேள்வியைக் கேட்கக்கூடாது. வியாழக்கிழமை மறுபடியும் படியில் இறங்கி ஒரு பாட்டில் எடுத்தேன், நேற்றுச் சாயங்காலம் குழாய்களைப் பார்த்தேன். குறைந்திருக்கும், மேட்டூரில் தண்ணீர் திறந்திருக்கிறார்களே, ஓட்டம் இருக்கிறதே என்று ஒரு ஆசை. ஒரு குழாய்கூட மிச்சம் இல்லாமல் மஞ்சள். அணையைத் திறந்தால் வாய்க்கால் நின்றுவிடுமா என்ன, படித்தவள்தானே நான். எண்ணெய்க்காரர் முன்னால் இவர் போய் உட்கார்ந்துவிட்டார். முன்னால் இருந்த நாலு பேர் எங்கே போனார்கள். சொட்டைத் தலையில் எண்ணெய் வைத்துத் தட்டுகிறார் அந்த ஆள், இவர் கண்ணை மூடிக்கொண்டு சிரிக்கிறார். ஐம்பத்தைந்து வயதில் தலையில் எண்ணெய் வைத்தால் இன்னும் குழந்தைச் சிரிப்பு. எனக்கு இவர்மேல் எவ்வளவு பிரியம் என்று இந்த நிமிஷம் தெரிகிறது, தெரிந்து என்ன பிரயோஜனம். தண்ணீரில் எத்தனை தலை. ஒரு கல்யாணப் பெண் புது மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு மூக்கைப் பொத்தி முழுகுகிறாள், பக்கத்தில் மாமியார் வாயில் தண்ணீர் எடுத்துக் கொப்பளிக்கிறார், அந்தக் கொப்பளித்த வாயோடு காப்பரிசி தின்னுவார். அத்தனையும் நான் பார்க்கிறேன், ஆனால் என் மனசு ஒரு காலை மட்டும்தான் பார்க்கிறது, இடது கால். இவரை மட்டும் எப்படியாவது மேலே கூப்பிட்டுவிட்டால் போதும் என்றுதான் நினைக்கிறேன். காரணம் சொல்லாமல் கூப்பிடணும். தண்ணீர் டெஸ்ட் பண்ணுகிறவள் தன் புருஷனை மட்டும் தண்ணீரிலிருந்து கூப்பிட்டுக்கொண்டு போனாள் என்று இவர்களுக்குத் தெரியக்கூடாது. இவ்வளவு கேவலமாகவும் என்னால் யோசிக்க முடிகிறது.

எழுந்துவிட்டார். எண்ணெய் வழிய ஒரு படி இறங்கிவிட்டார், வலது கால், இடது கால். இன்னும் ஐந்து படி. இன்னும் நாலு. என் கையில் அவர் போன் இருக்கிறது. "என்னங்க" என்கிறேன், அவருக்குக் கேட்கவில்லை, மறுபடியும் "என்னங்க, போன். உங்க அக்கா" என்று கத்துகிறேன். திரும்பிப் பார்க்கிறார். அப்புறம் பேசறேன் என்று கை காட்டுகிறார். "அவசரமாம்" என்கிறேன். அக்கா என்றால் அவருக்கு உயிர், முகம் மாறிவிடுகிறது, எண்ணெய் நெற்றியைத் துடைத்துக்கொண்டு ஏறி வருகிறார், இறங்கியதைவிட வேகமாக, பாதத்தைக் கல்லில் உரசிக்கொண்டு. வந்துவிட்டார், வந்துவிட்டார், கால் நனையவில்லை. எனக்கு அழுகை வருகிறது. அவருக்குப் பின்னாலேயே ஒரு பெண்ணும் ஏறி வருகிறாள், இருபத்திரண்டு வயது இருக்கும், இடுப்பில் கைக்குழந்தை, குழந்தைக்கும் தலையில் எண்ணெய் வைத்திருக்கிறது. இவர் மூச்சு வாங்கப் போனை வாங்கிக் கண்ணுக்கு எதிரே தள்ளிப் பிடித்துப் பார்க்கிறார், கண்ணாடி என் மடியில் இருக்கிறது. அதற்குள் அந்தப் பெண், "அக்கா, சார் இப்பத்தான் எண்ணெய் வைக்கிறவர்ட்ட சொல்லிக்கிட்டிருந்தாரு, நீங்கதான் இந்தத் தண்ணிய டெஸ்ட் பண்றவங்கன்னு. புள்ளைக்கு ஒம்பது மாசம்க்கா. மொத ஆடி. எங்க வீட்ல ஒரு முக்கு முக்கி எடுக்கச் சொல்றாங்க. முக்கலாம்ல?" என்கிறாள்.

குழந்தை என் மடியில் இருக்கிற கடிகாரத்தைப் பார்த்துக் கையை நீட்டுகிறது. முக்கலாம் என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். போர்டு ஏற்கெனவே சொல்லியிருக்கிறது, நான் தலையை ஆட்டினால்கூடப் போதும். முப்பத்தைந்தாயிரம் பெரிய உடம்புக்கே ஆகாது, இது ஒன்பது மாதம், முக்கும்போது வாயைத் திறக்கும், எல்லாக் குழந்தையும் திறக்கும். "வேணாம்மா" என்கிறேன். "ஏன்க்கா, சளி புடிக்குமா?" என்கிறாள். சளி பிடிக்கும் என்று சொல்லி அனுப்பிவிடலாம். அவள் போவாள், இவர் கால் நனையாமல் வீட்டுக்கு வருவார், நான் ராத்திரி மருந்து போடுவேன். மற்றவர்கள் முழுகிக்கொண்டிருப்பார்கள். "இல்ல. தண்ணி நல்லா இல்லம்மா. மேல சாக்கடை கலக்குது. புள்ளைய எறக்காத, நீயும் எறங்காத" என்கிறேன். என் குரல்தான், லேபில் போனில் முடிவு சொல்லுகிற குரல். அந்தப் பெண் போர்டைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள், ஒன்றும் புரியாமல் குழந்தையின் தலையைப் புடவையால் மூடிக்கொண்டு கீழே தன் வீட்டு ஆட்களைப் பார்த்து வேகமாக இறங்கிப் போகிறாள்.

இவர் போனைத் தாழ்த்திவிட்டார். அதில் அக்கா கூப்பிட்டதாக ஒன்றும் இல்லை என்று கண்ணாடி இல்லாமலேயே தெரிந்திருக்கும். காதோரத்தில் எண்ணெய் இறங்கிக்கொண்டிருக்கிறது, அவர் துடைக்கவில்லை. "எப்பலேர்ந்து அரசி?" என்கிறார். மெதுவாகத்தான் கேட்கிறார். நேற்றிலிருந்து என்று சொல்லலாம், நேற்றுச் சாயங்காலம்தான் குழாயைப் பார்த்தேன், அதுவும் பொய் இல்லை, பாலத்துத் தண்ணீர் மாதிரி அதுவும் பொய் இல்லை. "ரெண்டு வருஷமா" என்கிறேன். அவர் தலையை ஆட்டுகிறார், கடைக்காரர் விலை சொன்னால் ஆட்டுகிற மாதிரி. காலைக் குனிந்து பார்க்கவில்லை. நான்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். திட்டுங்கள் என்று நினைக்கிறேன், இத்தனை பேர் முன்னால் திட்டினாலும் பரவாயில்லை. அவர் என் மடியிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொள்கிறார். கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொள்கிறார், எண்ணெய்க் கையில் வார் வழுக்குகிறது, நான் கட்டிவிடக் கை நீட்டுகிறேன், அவர் கையை இழுத்துக்கொண்டு தானே கட்டிக்கொள்கிறார். எண்ணெய் உடம்பின்மேல் சட்டையைப் போட்டுக்கொள்கிறார், பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொள்கிறார். "நான் ஆட்டோல போயிக்கறேன். நீ கீழ போயிச் சொல்லிட்டு வா" என்று சொல்லிவிட்டுத் தெருப்பக்கம் திரும்பி நடக்கிறார். கூடவே போய்விடலாம் போல இருக்கிறது, ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டு சர்க்கரைதாங்க, டாக்டர் சர்க்கரைன்னுதானே சொன்னார் என்று சொல்லலாம் போல இருக்கிறது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மடி காலியாகிவிட்டது, எழுந்திருக்காமல் இருக்க இனிமேல் சாக்கு இல்லை. எழுந்து இறங்குகிறேன். கல் வெயிலில் சுடத் தொடங்கியிருக்கிறது. பாதிப் படியில் நின்று, "எல்லாரும் மேல வாங்க, தண்ணி கெட்டிருக்கு, நான்தான் டெஸ்ட் பண்றவ, அந்தப் போர்டு தப்பு" என்று சொல்கிறேன். இரண்டு மூன்று பேர் அண்ணாந்து பார்த்துவிட்டு மறுபடி முழுகுகிறார்கள். யாரும் ஏறவில்லை. நான் இன்னும் நாலு படி இறங்கி மறுபடியும் சொல்கிறேன்.